உலகக் கொள்கைப் பேச்சுகளைப் பயனுள்ளபடி கேட்பது எப்படி? பல்கலைக்கழகப் பொதுச் சொற்பொழிவுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து கேட்கிறோம். பேசுகிறவர் ஒரு நாட்டின் முன்னாள் நிதியமைச்சராக இருக்கலாம், முப்பது வருடம் கடல்மட்டத்தை அளந்த ஆய்வாளராக இருக்கலாம். அரங்கமே கைதட்டுகிறது. வெளியே வந்ததும் யாராவது “என்ன சொன்னார்?” என்று கேட்டால், “ரொம்ப நல்லாப் பேசினார்” என்பதற்கு மேல் வாயில் ஒன்றும் வருவதில்லை. இரண்டு நாளில் அதுவும் மறந்துவிடுகிறது.

பல வருடம் எனக்கும் இப்படித்தான் நடந்தது. அப்புறம்தான் ஒரு விஷயம் புரிந்தது. பேச்சாளர் தன் வேலையைச் செய்துவிட்டுப் போகிறார், கேட்கிற நான் என் வேலையைச் செய்யவில்லை. போவதற்கு முன் அரை மணி நேரம், திரும்பி வந்த பின் ஒரு மணி நேரம், நடுவில் ஒரே ஒரு நல்ல கேள்வி. இவ்வளவுதான் அந்த வேலை. ஆனால் இதைச் செய்தவருக்கும் செய்யாதவருக்கும் ஒரே பேச்சில் கிடைப்பது வேறு வேறு.

காலநிலை நிதி (காலநிலை மாற்றத்தைச் சமாளிக்க ஏழை நாடுகளுக்குத் தரப்படும் பணம்), நாடுகளின் கடன், அகதிகள், மருந்துக் காப்புரிமை, செயற்கை நுண்ணறிவுக்கான சட்டங்கள் என்று நம் வாழ்க்கையைத் தொடும் முடிவுகள் பெரும்பாலும் மூடிய அறைகளில்தான் எடுக்கப்படுகின்றன. அந்த அறைகளில் இருந்தவர்கள் வெளியே வந்து, முன்பின் தெரியாத ஒருவர் மைக்கைப் பிடித்துக் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லியே ஆக வேண்டிய இடங்கள் மிகக் குறைவு. பல்கலைக்கழகப் பொதுச் சொற்பொழிவு அவற்றில் ஒன்று. அதனால்தான் அதை வீணாக்க எனக்கு மனம் வருவதில்லை.

படி 1: எங்கே தேடுவது

இது பழைய மரபு. தாமஸ் கிரெஷம் என்ற வணிகரின் உயில்படி 1597இல் லண்டனில் தொடங்கிய கிரெஷம் கல்லூரி இன்றுவரை யாருக்கும் பட்டம் கொடுப்பதில்லை. பொதுமக்களுக்கு இலவசமாகச் சொற்பொழிவு நடத்துவதுதான் அதன் வேலை. இப்போது அவற்றை இணையத்திலும் பார்க்கலாம். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் தன் பொது நிகழ்ச்சிகளைப் பாட்காஸ்டாக வெளியிடுகிறது. ஆக்ஸ்ஃபோர்டு மார்ட்டின் ஸ்கூல், ஹார்வர்டு கென்னடி ஸ்கூல், ஜெனீவா கிராஜுவேட் இன்ஸ்டிடியூட் ஆகியவையும் உலகக் கொள்கைப் பேச்சுகளைத் தொடர்ந்து நடத்துகின்றன. இரண்டு மூன்று இடங்களின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்துகொண்டால் போதும். பத்து இடங்களில் சேர்ந்தால் எதையும் திறந்து பார்க்க மாட்டோம்.

நேரலையில் கேட்பதாக இருந்தால் நேர வித்தியாசத்தை இரண்டு முறை சரிபாருங்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மார்ச், அக்டோபர், நவம்பர் மாதங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுகிறார்கள், அதுவும் எல்லோரும் ஒரே வாரத்தில் மாற்றுவதில்லை. ஒரு மணி நேரம் தாமதமாக நுழைந்தால் நன்றியுரைதான் காதில் விழும்.

படி 2: பேரைப் பார்க்காமல் தலைப்பைப் பாருங்கள்

பிரபலமான பேர் என்றதும் பதிவு செய்துவிடுவது இயல்பு. ஆனால் அவர்களில் பலர் ஊர் ஊராக ஒரே உரையைத்தான் நிகழ்த்துகிறார்கள். “காலநிலையும் மனிதகுலத்தின் எதிர்காலமும்” என்ற தலைப்பில் யாரும் எதற்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை. “காலநிலை நிதியில் கடனைச் சேர்த்து எண்ணலாமா?” என்று தலைப்பு வைத்தவர் ஒரு பக்கம் நின்றே ஆக வேண்டும். தலைப்பிலோ அறிவிப்புக் குறிப்பிலோ ஒரு கேள்வி தென்படுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பேச்சை விட்டுவிடலாம்.

அப்புறம் நிகழ்ச்சியின் வடிவம். ஒரு மணி நேரத்துக்கு ஐந்து பேர் கொண்ட குழு என்றால் கணக்கு நீங்களே போட்டுப் பார்க்கலாம். ஆளுக்குப் பத்து நிமிடம் என்றால் ஐம்பது போய்விடும். அறிமுகத்துக்கு ஐந்து. மீதி ஐந்து நிமிடத்தில்தான் பார்வையாளர்கள். ஒருவர் பேசி, அவர் கருத்தை ஏற்காத இன்னொருவர் பதில் சொல்லும் வடிவம்தான் எனக்குத் தெரிந்து மிகச் சிறந்தது. புத்தக வெளியீட்டை ஒட்டிய பேச்சு என்றால், அந்த வாதம் ஏற்கெனவே எழுத்தில் இருக்கிறது என்பது ஒரு வசதி. முன்கூட்டியே முன்னுரையைப் படித்துவிட்டுப் போகலாம்.

படி 3: அரை மணி நேரத் தயாரிப்பு

இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். பெரிதாக ஒன்றும் படிக்க வேண்டாம். ஒரு காகிதத்தை எடுத்து மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: பேச்சாளர் எங்கிருந்து பேசுகிறார், இந்த விவகாரத்தின் மூல ஆவணம் எது, அவருக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர் என்ன சொல்கிறார்.

முதலாவதை அவருடைய பதவிகளின் வரிசையே சொல்லிவிடும். பன்னாட்டு நிதியமைப்பில் வேலை பார்த்தவரும் கடன் வாங்கிய நாட்டின் அரசில் வேலை பார்த்தவரும் ஒரே எண்ணைச் சொன்னாலும் வேறு வேறு அர்த்தத்தில்தான் சொல்வார்கள். இதனால் அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று ஆகாது. எந்த ஜன்னல் வழியாகப் பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவே.

மூல ஆவணம் என்றதும் பயந்துவிடாதீர்கள். காலநிலை பற்றிய 2015ஆம் ஆண்டின் பாரிஸ் ஒப்பந்தத்தில் மொத்தமே 29 பிரிவுகள்தான். நிதி பற்றிய 9ஆவது பிரிவில் ஒன்பது சிறு பத்திகள். ஒரே மூச்சில் படித்துவிடலாம். ஐபிசிசி எனப்படும் காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழுவின் அறிக்கைகள் ஆயிரக்கணக்கான பக்கம் ஓடும். ஆனால் கொள்கை வகுப்பவர்களுக்கென்று தனியாகச் சுருக்கம் போடுகிறார்கள், அது போதும். அகதிகள் என்றால் 1951ஆம் ஆண்டின் உடன்படிக்கையில் அகதி யார் என்று சொல்லும் முதல் பிரிவு.

காலநிலை நிதி பற்றிய ஒரு பேச்சுக்குப் போவதாக வைத்துக்கொள்வோம். என் காகிதத்தில் இப்படி இருக்கும்:

“2009, கோபன்ஹேகன் காலநிலை மாநாடு: 2020 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் திரட்டித் தருவதாகப் பணக்கார நாடுகளின் வாக்குறுதி. ஓஇசிடி (பணக்கார நாடுகளின் பொருளாதார அமைப்பு) கணக்கு: முதல்முறை எட்டியது 2022இல், 11,590 கோடி. அரசுகள் வழியாக வந்ததில் பெரும்பகுதி கடன். ஆக்ஸ்ஃபாம் (வறுமைக்கு எதிரான தொண்டு அமைப்பு): உண்மை மதிப்பு இதைவிட மிகக் குறைவு. 2024, அஜர்பைஜானின் பாக்கு நகர மாநாடு: 2035க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி என்று புதிய இலக்கு. கேள்விக்குறி: எப்படி எண்ணுவார்கள்?”

அவ்வளவுதான், ஆறு வரி. இவற்றை எழுதிய கையோடு அரங்கில் உட்கார்ந்தால், பேச்சாளர் “வாக்குறுதி நிறைவேறிவிட்டது” என்று சொல்லும் இடத்தில் உங்கள் பேனா தானாக நிற்கும். எழுதாமல் போயிருந்தால் தலையாட்டியிருப்போம்.

படி 4: கேட்கும்போது

நோட்டின் பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பத்தியில் நடந்தது, இரண்டாவதில் நடக்கும் என்று அவர் கணிப்பது, மூன்றாவதில் நடக்க வேண்டும் என்று அவர் விரும்புவது. நல்ல பேச்சாளர்கள் இந்த மூன்றுக்கும் நடுவே தையல் தெரியாமல் தாண்டுவார்கள். பேச்சின் அழகே அதுதான், ஆபத்தும் அதுதான். பக்கம் முடியும்போது முதல் பத்தி காலியாகவும் மூன்றாவது நிரம்பியும் இருந்தால், எப்படிப்பட்ட பேச்சைக் கேட்டோம் என்று உங்களுக்கே தெரியும்.

எண்கள் வரும்போது ஒன்றைத்தான் பார்க்க வேண்டும்: எதை எண்ணியிருக்கிறார்கள்? ஆண்டுக்கு அதிகமாகக் கரியமில வாயு வெளியிடும் நாடு சீனா. தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து மொத்தமாகக் கூட்டினால் அமெரிக்கா முதலிடத்துக்கு வந்துவிடும். தலைக்கு எவ்வளவு என்று வகுத்தால் வரிசை மறுபடியும் மாறும், சிறிய எண்ணெய் வள நாடுகள் மேலே ஏறும். மூன்று கணக்கும் சரி. எந்தக் கணக்கை மேடையில் எடுத்தார், எதை விட்டார் என்பதில்தான் அவருடைய வாதம் இருக்கிறது.

இன்னொன்று: 2023ஆம் ஆண்டின் முடிவில் போராலும் துன்புறுத்தலாலும் வீட்டைவிட்டு ஓடியவர்கள் உலகில் 11.73 கோடிப் பேர் என்று ஐ.நா. அகதிகள் ஆணையம் கணக்கிட்டது. இதையே மேடையில் “11 கோடிக்கும் மேற்பட்ட அகதிகள்” என்று சொல்லக் கேட்கலாம். தவறு. அவர்களில் 6.83 கோடிப் பேர் சொந்த நாட்டு எல்லையைத் தாண்டாமல் உள்ளுக்குள்ளேயே இடம்பெயர்ந்தவர்கள். அவர்களுக்கு 1951 உடன்படிக்கை பொருந்தாது. ஒரு சொல் மாறினால் பாதிக்கு மேற்பட்டவர்களின் சட்ட நிலையே மாறிவிடுகிறது.

எண்களைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வினைச்சொற்கள். பாரிஸ் ஒப்பந்தம் 2015 டிசம்பர் 12ஆம் தேதி நிறைவேறும் முன் கடைசி மணி நேரங்களில் ஒரே சொல்லுக்காக எல்லாமே நின்றது. உமிழ்வைக் குறைப்பதில் வளர்ந்த நாடுகள் முன்னின்று செயல்படுவது பற்றிய வாக்கியத்தில், கட்டாயத்தைக் காட்டும் ‘ஷால்’ என்ற சொல்லை அமெரிக்கா ஏற்கவில்லை. அது ‘ஷுட்’ என்று மாறியது. ‘செய்தாக வேண்டும்’ என்பது ‘செய்வது நல்லது’ என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டிலும் இதேதான். நிலக்கரி மின்சாரத்தைப் படிப்படியாக ‘ஒழிப்பது’ என்றிருந்தது, இந்தியாவும் சீனாவும் வலியுறுத்தியதில் படிப்படியாகக் ‘குறைப்பது’ என்று ஆனது. இப்படிச் சொற்களுக்காக விடிய விடிய மல்லுக்கட்டியவர்கள்தான் மேடையில் பேசுகிறார்கள். அவர்கள் எந்த வினைச்சொல்லைப் போடுகிறார்கள் என்று கவனிப்பது நியாயம்தானே?

தமிழ் பேசுகிறவர்களுக்கு இங்கே ஒரு தனி வசதி இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘வீ’ என்று ஒரே சொல். நமக்கு ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. “வீ மஸ்ட் ஆக்ட்” என்று காதில் விழும் ஒவ்வொரு தடவையும் ஓரத்தில் ‘நாமா, நாங்களா?’ என்று எழுதிவையுங்கள். உலகத்தார் அனைவருமா? பணக்கார நாடுகளா? மத்திய வங்கிகளா? அந்த அரங்கில் இருப்பவர்களா? நான் இதைச் செய்யத் தொடங்கிய பிறகு கேட்ட பல பேச்சுகளில், தொடக்கத்தில் ‘நாங்கள் தவறவிட்டோம்’ என்று இருக்க வேண்டிய இடத்தில்கூட ‘நாம்’ வந்திருப்பதைக் கண்டேன். பொறுப்பு அந்த ஒரு சொல்லில் எல்லோர் மேலும் பரவி, யார் மேலும் நிற்காமல் போய்விடுகிறது. என்னுடைய நல்ல கேள்விகளில் பாதி இந்த ஓரக் குறிப்புகளிலிருந்து வந்தவை.

படி 5: கேள்வி

முழு நிகழ்ச்சியிலும் உங்கள் கையில் இருக்கும் ஒரே கருவி இதுதான். அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

நாடுகளின் கடன் பற்றிய ஒரு நேரலைப் பேச்சில், பல மாதம் மனதில் வைத்திருந்த கேள்வியை ஒன்பது வரியில் தட்டி அனுப்பினேன். பின்னணி, வருத்தம், ஒரு உதாரணம், எல்லாம் முடிந்து கடைசி வரியில் கேள்வி. நெறியாளருக்கு நேரமில்லை. முதல் இரண்டு வரியை மட்டும் படித்தார். பேச்சாளர் அந்தப் பின்னணியை ஆமோதித்துப் பேசிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார். என் கேள்வி கேட்கப்படவே இல்லை. தவறு நெறியாளருடையது இல்லை. அன்றைக்கு நிஜமாகவே வருத்தமாக இருந்தது. அதிலிருந்து கேள்வியை முதல் வரியில் வைக்கிறேன்.

வழக்கமாக அரங்கில் கேட்கும் கேள்வி இப்படி இருக்கும்:

“அருமையான உரை. கொஞ்ச காலமாக நானும் இதைக் கவனித்துக்கொண்டு வருகிறேன். பணக்கார நாடுகள் கோபன்ஹேகனிலிருந்தே பொறுப்பைத் தட்டிக் கழிக்கின்றன, போதாக்குறைக்குக் கடன் நிபந்தனைகளும் ஏழை நாடுகளை நசுக்குகின்றன. இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?”

இதில் உள்ள கோபம் நியாயமானது. ஆனால் பேச்சாளருக்கு இது மிகவும் வசதியான கேள்வி. “முக்கியமான விஷயத்தைச் சொன்னீர்கள்” என்று தொடங்கி, உரையின் ஏதோ ஒரு பத்தியைத் திரும்பச் சொல்லிவிடலாம். இதே அக்கறையை இப்படி வைத்துப் பாருங்கள்:

“2022இல் இலக்கை எட்டியதாகச் சொன்னீர்கள். திருப்பிக் கட்ட வேண்டிய கடனை முழுத் தொகையாகச் சேர்க்காமல், அதில் மானியத்துக்குச் சமமான பங்கை மட்டும் எண்ணியிருந்தால், அப்போதும் எட்டியிருக்குமா?”

(மானியத்துக்குச் சமமான பங்கு என்றால், சலுகை வட்டியால் கடன் வாங்கிய நாட்டுக்கு மிச்சமாகும் தொகை.) இரண்டு வாக்கியம். இருபது நொடி. அவர் சொன்னதையே பிடித்துக்கொண்டு தொடங்குகிறது, ஆமாம் அல்லது இல்லை என்று பதில் சொல்ல முடிகிறது. அவர் நழுவினால் அரங்கம் முழுக்க அதைப் பார்க்கும். நழுவாமல் பதில் சொன்னால் எல்லோருக்கும் புதிதாக ஒன்று தெரியவரும்.

எந்தத் தலைப்புக்கும் பொருந்தக்கூடிய சில வாசல்கள் உண்டு. உங்கள் பரிந்துரை நடைமுறைக்கு வந்தால் யாருக்கு நஷ்டம்? எந்தத் தரவு வந்தால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள்? இதற்கு முன் எங்கே செய்து பார்த்திருக்கிறார்கள்? இதில் மூன்றாவது எனக்குப் பிடித்தது, ஏனென்றால் தட்டிக்கழிப்பது கடினம். உதாரணமாக, “உலக நாடுகள் ஒன்றுசேராது” என்று ஒருவர் சலித்துக்கொண்டால், ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் கையெழுத்தான மாண்ட்ரியல் உடன்படிக்கையை உலக நாடுகள் எல்லாமே ஏற்றிருக்கின்றன, அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியவில்லை என்று கேட்கலாம். பேச்சு உடனே பொதுப் புலம்பலிலிருந்து காரணங்களுக்கு வந்துவிடும்.

நேரில் போனால் நடைபாதை ஓரமாக உட்காருங்கள். மைக் கொண்டு வருபவருக்கு நடு வரிசை எட்டாது. கேள்வி நேரம் தொடங்கியதும் முதல் ஆளாகக் கை தூக்குங்கள். முதல் கேள்விக்கு முன் பெரும்பாலும் ஒரு சிறு மௌனம் இருக்கும், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நெறியாளர் மூன்று மூன்று கேள்வியாகச் சேர்த்து வாங்கினால் ஒரு சிக்கல் உண்டு: பேச்சாளர் சுலபமானதற்கு நீளமாகவும் கடினமானதற்கு ஒரு வரியிலும் பதில் சொல்லிவிடுவார். அந்தச் சூழ்நிலையில் குட்டிக் கேள்விதான் தப்பிக்கும். ஆன்லைனில் என்றால் கேள்விப் பெட்டியில் பேச்சு பாதியில் இருக்கும்போதே போட்டுவிடுங்கள். மற்றவர்கள் விருப்பக்குறி போட்டு மேலே ஏற்ற நேரம் கிடைக்கும்.

ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எழுதி வைத்துப் படியுங்கள். இதில் குறைவு ஒன்றுமே இல்லை. எழுதிப் படித்த கேள்விகள்தான் பெரும்பாலும் சுருக்கமாகவும் கூர்மையாகவும் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சரளமாகப் பேசத் தெரிந்தவர்கள்தான் மூன்று நிமிடம் எடுத்துக்கொள்கிறார்கள்.

படி 6: வெளியே எதைச் சொல்லலாம்

பொது நிகழ்ச்சி என்றால் பேர் சொல்லி மேற்கோள் காட்டலாம். ஆனால் சில கூட்டங்களின் தொடக்கத்தில் ‘சாத்தம் ஹவுஸ் விதி’ என்று அறிவிப்பார்கள். சாத்தம் ஹவுஸ் என்ற உலக விவகார ஆய்வு அமைப்பில் 1927இல் லண்டனில் உருவான இந்த விதியைப் பலர் ‘வெளியே மூச்சு விடக்கூடாது’ என்று தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். கேட்ட தகவலை நீங்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். யார் சொன்னார், அவர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர், கூட்டத்தில் வேறு யார் இருந்தார்கள் என்பதைத்தான் வெளியிடக்கூடாது. பதவியில் இருப்பவர் மனம் விட்டுப் பேசுவதற்காக வைத்த ஏற்பாடு. அதை மதியுங்கள்.

படி 7: அன்று இரவு

தூங்கும் முன் ஐந்து வாக்கியம் எழுதுங்கள், நோட்டைப் பார்க்காமல். அப்புறம் நோட்டைத் திறந்து ஒப்பிடுங்கள். நினைவில் நின்றது எப்போதும் கதைகளும் உவமைகளும்தான், வாதம் நழுவியிருக்கும். எது நழுவியது என்று அந்த இரவே தெரிந்துவிட்டால் பதிவில் தேடிப் பிடிக்கலாம்.

அடுத்து, பேச்சில் வந்த எண்களில் ஒன்றே ஒன்றை மூலத்தில் போய்ச் சரிபாருங்கள். எல்லாவற்றையும் பார்க்கப் போனால் ஒன்றையும் பார்க்க மாட்டோம். வாதம் எந்த எண்ணின் மேல் நிற்கிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். உலக வறுமை பற்றிய பேச்சு என்றால் எந்தக் கோட்டை வைத்து எண்ணினார் என்று பாருங்கள். உலக வங்கி 2025 ஜூனில் கடும் வறுமைக் கோட்டை நாளொன்றுக்கு 2.15 டாலரிலிருந்து 3 டாலராக மாற்றியது. கோடு நகர்ந்ததும் பல கோடிப் பேர் கணக்கில் புதிதாகச் சேர்ந்தார்கள், அவர்களுடைய வாழ்க்கையில் அன்று எதுவும் மாறவில்லை. பழைய கோட்டின் எண்ணையும் புதிய கோட்டின் எண்ணையும் அடுத்தடுத்து வைத்து “வறுமை கூடிவிட்டது” என்று யாராவது சொன்னால் இப்போது உங்களால் கண்டுபிடிக்க முடியும்.

பதிவு யூடியூபில் வந்தபின் முழுவதையும் மறுபடி கேட்க வேண்டாம். கேள்வி நேரத்தை மட்டும் கேளுங்கள். தயாரித்து வந்த உரையில் இல்லாத தயக்கமும், திருத்திக்கொள்ளலும், சில சமயம் மிக நேர்மையான ஒப்புதலும் அங்கேதான் இருக்கும். தானியங்கி வசன வரிகளை நம்பி மேற்கோள் எடுக்காதீர்கள். எண்களும் ஊர்ப் பெயர்களும் அதில் அடிக்கடி தப்பாக விழும்.

அதற்கு மறுநாள், கேட்டதை யாராவது ஒருவருக்குத் தமிழில் சொல்லிப் பாருங்கள். காலநிலை மாற்றத்தால் வரும் பாதிப்பைக் குறிக்கும் ‘லாஸ் அண்ட் டேமேஜ்’ என்ற சொல்லை அரங்கில் நூறு தடவை கேட்டிருப்போம். அதை ‘இழப்பும் சேதமும்’ என்று சொல்ல வாயெடுத்ததுமே கேட்பவர் “யாருடைய இழப்பு, யார் ஈடுகட்டுவது?” என்று கேட்பார். பதில் தெரியாவிட்டால் அந்த இடம் நமக்கு இன்னும் புரியவில்லை என்று அர்த்தம்.

படி 8: பதில் வராத கேள்வியை என்ன செய்வது

உங்களுக்கு வாய்ப்பே கிடைக்காமல் கூட்டம் முடிந்திருக்கலாம். பல்கலைக்கழகத்தில் வேலை பார்ப்பவர் என்றால் அவருடைய மின்னஞ்சல் துறைப் பக்கத்திலேயே இருக்கும். எந்தத் தேதி, எந்தப் பேச்சு என்று ஒரு வரி, கேள்வி ஒரு வரி, நன்றி ஒரு வரி. அவ்வளவுதான். புகழ்ச்சி வேண்டாம், உங்கள் சுயவிவரமும் வேண்டாம். எல்லோரும் பதில் எழுத மாட்டார்கள். எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இன்னும் யாரும் படிக்காத ஒரு கட்டுரையின் பிடிஎஃப்பைக் கூடவே அனுப்புவார்கள்.

இரண்டு வாரமாகியும் பதில் வரவில்லையா? சரி, அந்தக் கேள்வியை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதி வையுங்கள். அதே விவகாரத்தில் எதிர்ப்பக்கம் நிற்கும் ஒருவர் எங்காவது பேசுவதாக அறிவிப்பு வரும். முதலில் பதிவு செய்துகொண்டு, அந்தக் கடைசிப் பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு போங்கள்.